பூனைக்கு ஒரு நாய்நாள்

சுஷிமா, பிப்ரவரி 11

அன்புள்ள சிகுசாவுக்கு,

போன வாரம் பாலத்தருகே இருந்தவர்கள்: நான், உன் அப்பா, காளான் தோட்டத்து ஓமுரா, காட்டுப்பூனைக் காப்பக மருத்துவர் இனோ. அப்புறம் அந்தக் கடுவன் பூனை. அதை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. காதுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு, நம் தீவின் காட்டுப்பூனையேதான். இனோ வந்து குனிவதற்குள் என் மடியில் அடங்கிவிட்டது. புத்தர் பெயரைச் சொன்னேன்.

இனோ தயங்கித் தயங்கி, "அம்மா, இதோட விந்து இன்னும் உயிரோடதான் இருக்கும். எடுத்து உறைய வச்சு உங்க பொண்ணு வேலை பாக்குற மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பலாமா?" என்றார். உன் அப்பா, "செத்தப்புறம் மாப்பிள்ளை ஆகுறான் பாரு, அதிர்ஷ்டக்காரன்!" என்று சிரித்தார்.

நான் சரி என்றேன். வந்து சேர்ந்ததா? உனக்கு எழுத எனக்கு ஒரு பூனை சாக வேண்டியிருந்தது. நீ வீட்டைவிட்டுப் போனபின்னும் மூன்று பேருக்கே அரிசி அளக்கிறேன். மாத அரிசிக் கணக்கு எப்போதும் கொஞ்சம் இடிக்கிறது.

அம்மா

மார்ச் 14

அம்மாவுக்கு,

விந்து பத்திரமாக வந்தது. உருக்கிப் பார்த்தபோது பாதிக்கு மேல் நீந்திக்கொண்டிருந்தது. சாவா என்ற பெண்பூனையை மயக்கி, வயிற்றில் சிறு துளையிட்டு, அதைக் கருப்பைக்குள் செலுத்தினேன். ஒரு மாதம் கழித்து ஸ்கேனில் தெரியும். அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள். தயவுசெய்து.

சிகுசா

மார்ச் 29

அன்புள்ள சிகுசாவுக்கு,

மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று நாய்நாள். நாய் மாதிரி சுகமாகப் பெற வேண்டுமென்று கர்ப்பிணிகளுக்கு வயிற்றுப்பட்டி வாங்கும் நாளாயிற்றே என்று கோயிலுக்குப் போனேன். பூசாரி, "யாருக்கும்மா?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. "பூனைக்கு."

"பூனைக்கு நாய்கிட்டயா வேண்டுறீங்க, கினுயோ-சான்? ரெண்டும் அடிச்சுக்காதா?"

"சுகப்பிரசவம் ஆனா சரி. சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சிரித்தபடியே மந்திரம் சொல்லி வேண்டிக்கொண்டார். பட்டி வேண்டாம் என்றேன். வீட்டில் ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் முன் உனக்கு அனுப்பினேன். மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அம்மா

ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

சாவாவுக்குக் கரு தங்கவில்லை. திரை முழுக்க வெறும் கறுப்பு. கடுவனின் விந்தில் இன்னும் ஒரு குழல் மிச்சம் இருக்கிறது. அடுத்த குளிர்காலம்தான் இனி.

அப்படிப்பட்ட திரைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் படுத்துக்கொண்டே பார்த்தேன். நர்ஸ் அதைத் திருப்பி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் வாசலில் உங்கள் பொட்டலம். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இங்கே செத்த விலங்குகளுக்கு வருடம் ஒருமுறை நினைவுச் சடங்கு நடக்கிறது. வராமலே போனவற்றுக்கு ஒரு நாளும் இல்லை, அம்மா.

சிகுசா

மே 6

அன்புள்ள சிகுசாவுக்கு,

இன்று பாலத்தருகே இருக்கும் ஜிசோ சாமி முன் நின்றவர்கள்: நான், உன் அப்பா. அவ்வளவுதான்.

பிறக்காத பிள்ளைகளையெல்லாம் கைபிடித்து அழைத்துப் போகிறவர் அவர். அந்தப் பிள்ளைகளுக்காக அவர் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம்தானே. உன் பட்டியைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, வெட்டி, அவர் கழுத்துக்கு இரண்டு துண்டு தைத்தேன். நீண்ட துணிதானே, போதும். ஒன்றை சாவாவின் குட்டிகளுக்காகக் கட்டினேன். "பூனைக்குட்டிக்கெல்லாம் சாமி வருவாரா?" என்றார் உன் அப்பா. ஆனால் கட்டியபோது முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டது அவர்தான்.

இரண்டாவது துண்டையும் எடுத்து நீட்டினார். நான் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். அதை நான் கட்டக்கூடாது.

ஆகஸ்டில், இறந்தவர்கள் வீடு வரும் ஓபோன் பண்டிகைக்குக் கப்பல் இருக்கிறது. சேர்ந்து கட்டலாம். இல்லை, தனியாகத்தான் கட்டுவேன் என்றால் துணியை அனுப்பி வைக்கிறேன். எதுவென்று சீக்கிரம் பதில் எழுது.

அம்மா