சக்கரத்தில் தெறித்த ரசாயனம்

ஷார்ஜா

அன்புள்ள குந்தவை,

நீயும் பாப்பாவும் அம்மாவும் சுகம்தானே? குடவாசலில் நடவு முடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல, கூட வேலை செய்யும் கூத்தாநல்லூர் ஜபருல்லா பாய் எழுதுகிறார். ஊருக்கு வரும் அவர் தம்பி இதை உன்னிடம் தருவார்.

பழைய கார்களின் இரும்புச் சக்கரங்களில் பெயிண்டை உரித்து, துருவைத் தேய்த்து, புதிதாக அடிப்பதுதானே என் வேலை. திங்கட்கிழமை பெயிண்ட் உரிக்கும் ரசாயனத்தைத் தடவும்போது சக்கரம் சரிந்து டப்பாவைத் தட்டிவிட்டது. கொஞ்சம் கண்ணில் தெறித்துவிட்டது. வேர்வை படிந்ததென்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். பாய்தான் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனார். "கண்ணத் தொற தம்பி, மூடாத, தொற!" என்று கத்திக்கொண்டே தண்ணீரை ஊற்றினார். இப்போது இரண்டு கண்ணிலும் கட்டு. அதனால்தான் வீடியோவில் வரவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

பழைய பருத்தி வேட்டி ஒன்றைப் பாயின் தம்பியிடம் கொடுத்தனுப்பு. இங்குள்ள துணி முகத்தில் உறுத்துகிறது. பாப்பா பேசுவதை ரெக்கார்டு செய்து அனுப்பு. எதைப் பற்றிப் பேசினாலும் சரி, நீளமாகப் பேசச் சொல்.

பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார். இது நானே தடவித் தடவி எழுதுவது. வரிமேல் வரி ஏறியிருக்கும். அவர் எதிரில் சொல்ல வாய் வரவில்லை குந்தவை. பார்வை திரும்புமா என்று கேட்டேன், டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படியாவது என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்.

பாய் வரும் சத்தம் கேட்கிறது.

உன்
மணவழகன்