என் வீட்டுக்காரரின் எதிரிக்கு

அண்ணா,

பரணைச் சுத்தம் செய்தபோது உங்கள் சிவப்பு பூட்ஸ் அகப்பட்டது. பையைப் பிரித்ததும் வியர்வையும் தைலமும் கலந்த அந்த வாடை. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது, அது போகவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். வாங்கித் துடைத்து, தன் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கல்யாணப் புடவை எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று இவருக்குத் தெரியுமா?

பத்து வருஷம் நீங்கள் இருவரும் பாகூர், வில்லியனூர் பக்கத்துத் திருவிழாக்களில் மல்யுத்த ஷோ நடத்தினீர்கள். டிவியில் வருகிற மாதிரியே கயிறு கட்டிய மேடை, மைக்கில் சவால், நாற்காலியால் அடி. இவர் நல்லவர், நீங்கள் கெட்டவர். யார் ஜெயிப்பதென்று முன்பே பேசிவைத்தது ஊருக்குத் தெரியக்கூடாதே, அதற்காக வெளியிலும் எதிரிகளாகவே நடமாடினீர்கள். ஒரே பஸ்ஸில் ஏறமாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்புறமாகத்தான் வருவீர்கள். உங்களைக் கண்டதும் இவர் முகம் மலரும். திருபுவனைக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து என்னிடம் வருகிற முகம் வேறு.

பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? வேறொரு பெண்ணென்றால் சண்டை போட்டிருப்பேன். உங்களோடு என்னவென்று போடுவது?

பாப்பாவின் காதுகுத்துக்கு ஆசைப்பட்டு வாசல் வழியாக வந்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? என் தம்பி உங்கள் சட்டையைப் பிடித்துவிட்டான். "இன்னா தைரியம் இருந்தா எங்க வூட்டுக்கே வருவ?" பந்தல் முழுக்க எழுந்து நின்றது. இவருக்கும் வேறு வழியில்லை. "வெளிய போடா!" என்று கத்தினார். நீங்களும் நாக்கைத் துருத்தி, விரலை நீட்டிச் சவால்விட்டபடியே போனீர்கள். அத்தனை பேருக்குப் பரிமாறிய நான் இவர் இலையில் உட்காரக் காத்திருந்தேன். இவர் பிரியாணியைக் கேரியரில் போட்டுக்கொண்டு நல்லவாட்டுக் கடற்கரைக்கு வண்டியை விட்டார். படகு மறைவில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டீர்களாம். மகள் காதுகுத்து அன்று இவர் சாப்பிட்டது உங்களோடு.

அதைக்கூட மறந்திருப்பேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கஞ்சி கொண்டுவந்த அன்று நீங்கள் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"தங்கச்சி, அவன் கழுத்துல எலும்பு நவுந்துகெடக்குது. நாலாவது வருஷம், நாணமேடு ஷோவுல வுழுந்தது. எடது கையில சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் மரத்துப்போவும். உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். தூக்கிப் போடுறப்ப நான் அவன் தலைக்கடியில கை குடுத்துடுவேன். இனிமே யாரு குடுப்பா? நீ பாத்துக்கோ."

உங்கள் வலது மணிக்கட்டு ஏன் எப்போதும் வீங்கியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆறு வருஷம் அந்தக் கழுத்துக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்லத் தோன்றவில்லை இவருக்கு.

போன வாரம் சொன்னார். சோற்றைப் பிசைந்தபடியே, "வெரலு மரத்துப்போவுதுடி" என்றார். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தை. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி நான். "எங்கிட்ட சொல்லணும்னு இப்பவாவது தோணிச்சே" என்றேன். "அவன் இருந்தா அவனாண்ட சொல்லியிருப்பேன்" என்றார், சாதாரணமாக.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப்போனேன். எத்தனை வருஷமாக, எந்த விரல், எப்படி விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் மென்று முழுங்கினார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன், நீங்கள் சொன்னதை ஒன்று விடாமல். இவர் வாயைப் பிளந்து என்னையே பார்த்தார்.

"உங்க சம்சாரம் உங்கள நல்லா கவனிச்சு வெச்சிருக்காங்க" என்றார் டாக்டர்.

"ஆமா சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் இவர்.

உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம் அண்ணா. வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.