பூசையில் வைக்காத கோடாரி

அன்பும் கோபமும் மாறாமல், என் வீட்டுக்காரருக்கு,

இன்று நம் மரவாடியில் ஆயுத பூசை. விடிந்ததுமே கேட்டைத் திறந்து வைத்துவிட்டேன். ஒரத்தநாட்டு ரோடு வரைக்கும் சைக்கிள் நின்றது. பெரிய ரம்பத்துக்குச் சந்தனம் பூசி, மரம் அறுக்கிற குழிக்கு மேலே குறுக்காகப் படுக்க வைத்திருந்தோம். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, குழிக்குள் நின்று இழுக்கிறவர் கண்ணில் மரத்தூள் விழாதா என்று கேட்டார்கள். நீங்கள் இருந்தால் இறங்கியே காட்டியிருப்பீர்கள்.

வழக்கம் மாறவில்லை. அரிவாளோ மண்வெட்டியோ, யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி சரஸ்வதி படத்துக்கு முன்னால் குவிக்கிறோம். மறுநாள் காலை அரம் போட்டுக் கூர் தீட்டிக் கொடுக்கும்வரை யாரும் இரும்பைத் தொடுவதில்லை. அதை நம்பித்தானே செத்தீர்கள்?

புது ஆட்சி வந்திருந்த சமயம் அது. இனி ஏழைக்கும் நியாயம் கிடைக்கும் என்று கட்சிக் கொடிகளுக்கெல்லாம் சும்மாவே கம்பம் அறுத்துக் கொடுத்தீர்கள். குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் என்று பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். கூலி கேட்ட சங்கத்தின் தலைவர் கோவிந்தன் தன் ஆட்களோடு நம் பூசைக்கு வந்து, அரிவாளையெல்லாம் குவியலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பொரி தின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பண்ணை டிராக்டர் வந்து நின்றது.

அதிலிருந்து இறங்கியவர்கள் கோவிந்தனை வெளியே அனுப்பச் சொன்னார்கள். நீங்கள் கேட்டை மறித்து நின்று, விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினீர்கள்.

"இன்னைக்கு இரும்பைத் தொடக்கூடாதுங்க. பொரி வாங்கிட்டுப் போங்க. எதுவானாலும் நாளைக்குப் பேசிக்கலாம்."

வெட்ட வந்தவனுக்கு எந்த மடையனாவது பொரி கொடுப்பானா? அவர்கள் அரிவாள் எந்தச் சாமி முன்னாலும் வைக்கப்படவில்லை என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

முதல் வெட்டு உங்கள் தோளில் விழுந்தது. கை துணிபோலத் தொங்கியது. கோவிந்தன் ஆட்கள் குவியலை நோக்கி ஓடினார்கள். "தொடாதீங்கடா" என்று நீங்கள் கத்தியதும் அப்படியே நின்றுவிட்டார்கள், பாவிகள். இரண்டாவது வெட்டு கழுத்தில். ரத்தம் ரம்பத்தின் மேல் அடித்தது, பொரி நனைந்து சிவந்தது. உங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் கோடாரி கிடந்தது.

நான் தொட்டேன். சந்தனம் காயாத அந்தக் கோடாரியை எடுத்து, மறுபடியும் ஓங்கிய கையில் போட்டேன். அவன் விரல்கள் பொரியில் விழுந்தன. அவன் அலறியது எனக்கு இன்றும் இனிக்கிறது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் குவியலில் கை வைத்தார்கள், வந்தவர்கள் ஓடினார்கள். கோவிந்தன் பிழைத்தார். வெட்டியவன் ஜெயிலுக்குப் போனான். போலீஸ் கொண்டுபோன கோடாரியை, கேஸ் முடிந்ததும் நடையாய் நடந்து திரும்ப வாங்கினேன்.

இன்று மதியம் அவன் வந்தான். தலை நரைத்துவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சிய கையில் அரிவாளை இடுக்கிக்கொண்டு கேட்டில் நின்றான். கோவிந்தன் ஓடி வந்து கேட்டை இழுத்து மூடப் பார்த்தார். பூசை நாளில் நீங்கள் யாருக்காவது கேட்டை மூடியிருக்கிறீர்களா? வேண்டாம் என்று தடுத்தேன்.

"அன்னைக்கே வச்சிருக்கணும்மா," என்றான்.

"வச்சிட்டுப் போ. நாளைக்குத் திருப்பிக் கேட்டு வராதே," என்றேன்.

வைத்தான். நிமிரும்போது, கேட்டருகே மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்த என் மடியைப் பார்த்தான். பொரித் தட்டுக்குக் கீழே கோடாரி இருந்தது. பிறகு அவன் நிற்கவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று கோவிந்தன் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இல்லை.

அந்தக் கோடாரியை ஒரு வருஷமும் நான் பூசையில் வைத்ததில்லை. ஊரே இரும்பைக் கீழே வைக்கிற நாளில், வைக்காதவள் ஒருத்தி கேட்டருகே இருக்க வேண்டும். நீங்கள் ஆசைப்பட்டபடியே கேட்டைத் திறந்தே வைப்பேன், இது சத்தியம். கோடாரியையும் கீழே வைக்கமாட்டேன். சரஸ்வதி கோபித்துக்கொண்டால் நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்களோடு சண்டை தீராத மனைவி,
செல்லம்மாள்