மக்காத எரு

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி வழக்கம்போல் பூவாளிக்குள்.

கோழி எரு மூன்று மாதமாவது மக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீங்கள் பச்சையாக அள்ளிக் கொட்டினீர்கள். கத்தரி நாற்று அத்தனையும் கருகிவிட்டது. "சூடு தாங்காம செத்துப்போச்சுங்க" என்று சொன்னதுதான் நான் செய்த குற்றம். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று பெல்ட்டை உருவினீர்கள். நாலு அடி எனக்கு. ஐந்தாவது, குறுக்கே ஓடிவந்த பாப்பாவின் கன்னத்தில். அதற்கப்புறம்தான் நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் உங்களை அடித்தேன். உங்கள் முழங்கை இன்னும் வீங்கியிருந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். மன்னிப்பு கேட்க மாட்டேன்.

எருக்குழியை வாரம் ஒரு தடவை கிளறிவிடுங்கள். காய்ந்த இலை குறைந்தால் நாறும். கையை உள்ளே விட்டால் சுடுகிறதா, இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். சூடு அடங்குகிறவரை எந்தச் செடிக்கும் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா பூசணி நாற்றுக்கு வருவார். "அவ எங்கே?" என்று கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

பி.கு.: பெல்ட்டைத் தேட வேண்டாம். கிளை வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி எருக்குழியில் போட்டுவிட்டேன். தோல் மக்க வருஷக்கணக்கில் ஆகும். முழுசாக மண்ணானதும் சொல்லி அனுப்புங்கள், வருவதா வேண்டாமா என்று அப்போது யோசிக்கிறேன்.

இன்னொன்று. பெல்ட்டின் பக்கிள் மட்டும் இரும்பு, மக்காது. அதை உங்கள் தட்டில் வைத்து மூடியிருக்கிறேன்.