நாலு விரல் உயரம்

ஜூன் 29, ஞாயிறு

விழுப்புரம் போய்விட்டுத் திண்டிவனம் திரும்பியாயிற்று. சகலை சித்தார்த்தன் மகளுக்குக் காதுகுத்து. என் மனைவி பொன்னிக்குக் கூடப்பிறந்த தங்கை பானுப்ரியாவின் மகள். போகாமல் இருக்க முடியாது. போனால் எனக்கு வயிறு எரியாமல் இருக்க முடியாது.

பிரியாணி நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இறங்கவில்லை. பந்திக்கு முன்னால் அவன் என்னை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் பட்டறைக்குக் கூட்டிப்போனான். அவனும் தச்சு வேலை, நானும் தச்சு வேலை. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான். அப்படி ஒரு உயரம். நான் நிமிர்ந்தே நுழைந்தேன்.

புது டேபிள் ரம்பம் வாங்கியிருக்கிறான். ரம்பம் இருக்கட்டும், என்னிடமும் ஒன்று இருக்கிறது, பழசானாலும் அறுக்கும். அதற்குக் கீழே இருந்த ஸ்டாண்டுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. நீலக் கலர். சக்கரம் வைத்தது. ஒரு கம்பியை மிதித்தால் மடங்கிக்கொள்கிறது, இன்னொரு முறை மிதித்தால் ரம்பத்தோடு எழுந்து நிற்கிறது. ஆன்லைனில் வரவழைத்தானாம்.

"இனிமே எந்த சைட்டுக்கும் மிஷினையே தள்ளிக்கினு போயிடலாம் சகல. உங்களுது மாதிரி ஒரே எடத்துல குந்திக்கினு இருக்காது" என்றான்.

என் ரம்பம் செங்கல் மேடைமேல் இருக்கிறது. குந்திக்கொண்டு இருக்கிறதாம். அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இன்னும் எரிகிறது. மாமியார் அந்த ஸ்டாண்டுக்குக் குங்குமம் வேறு வைத்திருந்தார். என் ரம்பத்தை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

எல்லோரும் பந்திக்குப் போனபின் தனியாக உள்ளே போய்ச் சாண் போட்டு அளந்தேன். தரையிலிருந்து ரம்பத்தின் தட்டுவரை நாலு சாண், நாலு விரல். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தேக்குக் கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தான். கட்டையையும் சேர்த்துத்தான் அளந்தேன்.

எதற்கு அளந்தேன்? தெரியவில்லை. கை தானாகப் போனது.

ஜூலை 2, புதன்

பெருமுக்கலிலிருந்து மாமியார் மல்லாட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார், புதுசாய்ப் பிடுங்கிய வேர்க்கடலை. எங்களுக்கு ஒரு பை. அவர்களுக்கு ஒரு மூட்டை. பொன்னி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் தொடவில்லை.

ஜூலை 5, சனி

கான்ட்ராக்டர் ஆனந்தராஜ் கூப்பிட்டிருந்தார். கூட்டேரிப்பட்டில் வரிசையாக வீடு கட்டுகிறார். அலமாரி, கதவு, சமையலறைப் பெட்டி எல்லாம் மர வேலை. வருஷம் முழுக்க வேறு வேலை தேட வேண்டாம்.

சந்தோஷமாகப் போனேன். அங்கே சித்தார்த்தன் எனக்கு முன்னாலேயே போய் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆளுக்கொரு வீடு தர்றேன் மணி. யாரு வேல நல்லாக்கீதோ, மீதி எல்லா வீடும் அவருக்கே. ஆனா பலகைய திண்டிவனத்துக்குத் தூக்கினு போயி அறுத்துத் தூக்கினு வர்ற கதையெல்லாம் ஆவாது. மிஷின் இங்க நிக்கணும். வீட்டுக்கு வீடு நகரணும். மொத ரெண்டு வீட்டுக்கு ஆவணியில கிரகப்பிரவேசம் வெச்சிக்கினு நான் பேஜாராவ முடியாது" என்றார்.

சித்தார்த்தன் என்னைப் பார்க்கவில்லை. டீயைத்தான் பார்த்தான். அதுவே போதும்.

வீட்டில் பொன்னி சொல்கிறாள்: "நீங்களும் அது மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல போடுங்களேன்." அந்த விலை நமக்குக் கட்டாது. கட்டினாலும் வாங்கமாட்டேன். அவனைப் பார்த்து வாங்கினான் என்று பெருமுக்கல் வரைக்கும் பேச்சு போகும். நானே செய்வேன். பழைய இரும்பில் செய்வேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. வேலை ஒன்றும் இல்லை. கரீம் பாயின் பழைய இரும்புக் கடையில் காலையிலிருந்து கிளறினேன். ஒடிந்த இரும்புக் கட்டில் ஒன்று, நல்ல கனத்த ஆங்கிள் சட்டம். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியிலிருந்து கழற்றிய நாலு சின்னச் சக்கரம்.

"இன்னா மணி, மிஷினுக்குப் படுக்கை போடறியா?" என்றார் பாய்.

"நடக்க வெக்கிறேன் பாய்."

பக்கத்து வெல்டிங் கடையில் சட்டம் ஒட்டிக்கொண்டேன். நாலு சாண், நாலு விரல். அவனுடையதைவிட ஒரு நூல்கூடக் குறையக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன்.

ஜூலை 21, திங்கள்

அவமானம். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை.

ரம்பத்தை ஏற்றி, பலகையைத் தள்ளினேன். பலகை அறுபடவில்லை, ரம்பம் முன்னால் போனது. நான் பின்னாலேயே போனேன். பட்டறை வாசல்வரை இரண்டு பேரும் போய்விட்டோம். சக்கரத்தில் பிரேக் இருக்கிறது, ஆனால் அது ஆஸ்பத்திரியிலேயே தேய்ந்து செத்துவிட்டது.

அவன் பார்த்திருந்தால்? "குந்திக்கினு இருந்ததே பரவால்ல சகல" என்றிருப்பான். குரல்கூடக் காதில் கேட்கிறது.

ஜூலை 23, புதன்

யோசித்துப் பார்த்தால் விஷயம் சின்னதுதான். அறுக்கும்போது சக்கரம் தரையைத் தொடவே கூடாது. கால்தான் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் மட்டும் மறுபக்கம் சக்கரம் தரையில் பட வேண்டும். சிமெண்ட் கலவை தள்ளும் வண்டி மாதிரி.

கலவை வண்டி என்று நினைத்ததும் அதன் சக்கரமே நினைவுக்கு வந்தது. பாயிடம் அகலமான ரப்பர்ச் சக்கரம் இரண்டு கிடைத்தது. தரைக்கு ஒரு விரல் நுனி மேலே நிற்கிற மாதிரி ஒட்டினேன். சின்னச் சக்கரங்களைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். பாய் சிரித்தார்.

ஜூலை 25, வெள்ளி

முடிந்தது. சிவப்பு பெயிண்ட் அடித்தேன். கைப்பிடியைத் தூக்கினால் நாய்க்குட்டி மாதிரி கூட வருகிறது. வைத்தால் அசையாமல் நிற்கிறது.

போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மச்சினி பானுப்ரியா "சூப்பர் மாமா" என்றாள். சித்தார்த்தன் பார்த்துவிட்டான், நீலக் குறி விழுந்தது. மத்தியானம்வரை பதில் இல்லை. சாயங்காலம் ஒரு கட்டைவிரல் போட்டான். ஒரே ஒரு கட்டைவிரல். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ரொம்ப நாள் கழித்து மல்லாட்டை வேகவைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

நெஞ்சு வலிக்கிறது. மாரடைப்பு இல்லை, பிளைவுட்.

அறுத்துப் பழகலாம் என்று முழுப் பலகை ஒன்றை ஏற்றினேன். தோள் இரண்டும் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கிறது. முழங்கை மடிய இடமில்லை. அழுத்திப் பிடிக்க முடியாமல் பலகை கோணிப் பிளேடில் கடித்து, துள்ளி வந்து நெஞ்சில் அடித்துவிட்டது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் தாடை போயிருக்கும்.

சரி என்று காலடியில் இரண்டு செங்கல் போட்டு ஏறி நின்றுகொண்டு அறுத்தேன். அப்போது பார்த்துப் பொன்னி காபியோடு வந்தாள்.

"ஏங்க, எதுக்கு இப்டி எட்டிக்கினு நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்கு ரம்பம் தெரியாது, ஆனால் அம்மிக்கும் அடுப்புக்கும் எந்த உயரம் வேண்டும் என்று தெரியும். "இது உங்க உசரத்துக்கு இல்லீங்க. சித்து நின்னா சரியா இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். காபி வேணாம்னு சொல்லிட்டேன். அவ இன்னா தப்பா சொல்லிட்டா? சரியாத்தான் சொன்னா. அதான் எரியுது. என் பட்டறையில, என் காசுல, என் கையால, அந்த நெட்டைக்கு அளவெடுத்து ஸ்டாண்டு செஞ்சு வெச்சிருக்கேன். அவன் அடியில் கட்டை கொடுத்ததே தன் இடுப்புக்கு எட்ட வேண்டும் என்றுதான். அதுகூடப் புரியாமல் கட்டையையும் சேர்த்து அளந்திருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

கிரைண்டர் போட்டு நாலு காலிலும் நாலு விரல் அறுத்தேன். சக்கரத்தையும் பெயர்த்து மேலே ஏற்றி ஒட்டினேன். இப்போது தட்டு சரியாக என் இடுப்புக்கு. பலகை வெண்ணெய் மாதிரி போகிறது.

அறுத்த நாலு துண்டும் சிவப்பு பெயிண்டோடு மூலையில் கிடக்கின்றன. பாய் கடைக்குப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கூட்டேரிப்பட்டில் வேலை தொடங்கியது. என் வீடு வரிசையின் இந்தக் கோடி, அவன் வீடு அந்தக் கோடி.

எழுதவே இனிப்பாக இருக்கிறது. வீடுகளுக்கு நடுவில் பாதை இன்னும் போடவில்லை, ஒரே ஜல்லியும் மணலும். அவனுடைய நீல ஸ்டாண்டின் சக்கரம் குழந்தை நடைவண்டிச் சக்கரம் அளவுதான். இழுத்தான். புதைந்தது. இன்னும் இழுத்தான். இன்னும் புதைந்தது. கடைசியில் கொத்தனார் ஆள் ஒருவரைக் கூப்பிட்டுப் பல்லக்கு தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவன் பார்க்கும்படியாக என்னுடையதை ஒருமுறை தேவையில்லாமல் அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தேன். ஆனந்தராஜ் பார்த்தார். "இத நீயே செஞ்சியா மணி?" என்றார். சத்தமாகத்தான் கேட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவன் தினமும் ரம்பத்தைத் தூக்க ஆள் தேடுகிறான். நான் தினமும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

டீ குடித்துவிட்டு ரோட்டைத் தாண்டி வரும்போது பார்த்தேன். என் வீட்டுக்குள், என் ரம்பத்தின் பக்கத்தில் சித்தார்த்தன் உட்கார்ந்திருந்தான். முதுகு என் பக்கம். தரையிலிருந்து தட்டுவரை சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான்.

நான் மணல் குவியலுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். பிடித்துவிடலாம். மானத்தை வாங்கிவிடலாம். ஆனால் காதுகுத்து அன்று என் முதுகும் இப்படித்தானே இருந்திருக்கும்?

அவன் போனபின் உள்ளே போனேன். ஒன்றும் தெரியாத மாதிரி அறுத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பொன்னி சொன்னாள், தங்கையிடம் போனில் பேசினாளாம். சித்தார்த்தன் நீல ஸ்டாண்டை மடக்கிப் பரண்மேல் போட்டுவிட்டான். "மாமா செஞ்ச மாதிரியே செய்யறாராம். அதே சக்கரம், அதே அளவு. பானு கேலி பண்ணா கோவம் வருதாம்." சொல்லும்போது பொன்னி முகத்தில் ஒரு பெருமை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர்கள் வீட்டு விஷயத்தில் நான் பார்த்ததில்லை.

அதே அளவு.

அதே அளவில் செய்தால் அவன் இடுப்புக்கு நாலு விரல் கீழே நிற்கும். நாள் முழுக்கக் குனிந்துதான் அறுப்பான். முதுகு போகும், வெட்டு கோணும், ஆனந்தராஜ் பார்ப்பார், மீதி வீடெல்லாம் எனக்கு. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

காலுக்கு அடியில் கட்டை வைத்துச் சமாளிப்பானா? இதில் முடியாது. கட்டை வைத்தால் சக்கரம் தரைக்கு எட்டாது. ஒரு கட்டை மணலில் நழுவினால் மொத்தமும் சாயும், பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போதே. அவன் முகம் அங்கேதான் இருக்கும்.

அவனுக்கே தெரியாதா என்ன, தொழில் தெரிந்தவன்தானே. எனக்கும்தான் தொழில் தெரியும். அடுத்தவன் பொருளைப் பார்த்துச் செய்யும்போது தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடுகிறதே.

நெஞ்சில் பலகை அடித்த இடத்தைத் தொட்டால் இன்னும் வலிக்கிறது.

போகட்டும். எனக்கென்ன.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பட்டறை மூலையில் கிடந்த நாலு துண்டையும் எடுத்துவந்திருந்தேன். அவன் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

"இன்னா சகல இது?"

"இத வெச்சி கால நாலு விரல் நீட்டிக்கினு அப்புறமா சக்கரத்த ஒட்டு. என் அளவு உனக்கு ஆவாது. என் மாதிரியே வெச்சின்னா குனிஞ்சி குனிஞ்சி ஒழிஞ்சிபோயிடுவ."

சாதத்தில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. காது சிவந்துபோனது. "நீங்க... பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் உன்னுத அளந்தப்போ நீ பாக்கல, அவ்ளோதான்."

"எப்போ?"

"காதுகுத்துல. நீங்கல்லாம் பந்திக்குப் போனப்போ. அந்த அளவுல செஞ்சிட்டு, எனக்கு ஆவாம அறுத்துப்போட்டதுதான் இது."

துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நான் உங்ககிட்ட கேட்டே இருக்கலாம் சகல. கேட்டா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு கேக்கல" என்றான்.

அவன் வாழைக்காய் வறுவலை என் பக்கம் தள்ளினான். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். தானாக வந்த வேலையை யாராவது இப்படித் தட்டிவிடுவார்களா?

ஆகஸ்ட் 14, வியாழன்

அவன் ஸ்டாண்டைக் கொண்டுவந்துவிட்டான். நேராக நிமிர்ந்து நின்று அறுக்கிறான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆனந்தராஜ் இரண்டு வீட்டையும் பார்த்தார். கதவைத் திறந்து மூடி, அலமாரிக்குள் தலையை விட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். மீதி வீடுகளில் சரிபாதி எனக்கு, சரிபாதி அவனுக்கு.

பாதி. முழுசும் வந்திருக்கும். அவனுடைய சமையலறைக் கதவுகள் என்னுடையதைவிட ஒரு சுற்று நேர்த்தி, அதை இங்கேதான் எழுத முடியும், வேறு எங்கும் சொல்லமாட்டேன். எரிச்சல் இன்னும் போகவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அவன் ஸ்டாண்டைப் பார்த்தேன். முழுக்கப் பச்சை பெயிண்ட். நாலு காலுக்கும் கீழே மட்டும் நாலு விரல் அளவு என் சிவப்பு. மேலே அடித்தவன் அங்கே மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறான்.

"பெயிண்ட் தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சகல, இருக்குது" என்றான். அவன் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு ரம்பத்தையும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம்.