தூதுவன் குதிரையைப் பற்றியே பேசுகிறான்

மார்ச் 4

போர்ப் பாடல்கள் ஒருவழியாக முடிந்தன. வரி வரியாகப் படித்து உணர்ச்சி என்ன, தொனி என்ன என்று குறிபோட வேண்டும். அதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளுமாம். வெற்றிப் பாட்டில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பெருமிதம், பெருமிதம், பெருமிதம். நாளை முதல் பழைய துன்பியல் நாடகம்.

பட்டாளத்தில் இருக்கும் தம்பியிடமிருந்து இன்னும் போன் இல்லை. எல்லையில் சண்டை என்று செய்தியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறாள்.

மார்ச் 6

மீசையோடு வாக்குவாதம். பக்கத்து மேசைக்காரன், மீசை சரியாக முளைக்காததால் அந்தப் பெயர். ஒரே பகுதிக்கு இருவரும் தனித்தனியாகக் குறிபோட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். இன்றைய காட்சியில் போர்க்களத்திலிருந்து தூதுவன் அரசியிடம் வருகிறான். இளவரசன் இறந்த செய்தி அவனிடம் இருக்கிறது. அவனோ ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, குதிரைக்கு எந்தக் கால் நொண்டி என்று ஒரு பக்கம் பேசுகிறான். நான் ‘உணர்ச்சி இல்லை’ என்று போட்டேன். மீசை அத்தனை வரிக்கும் ‘துயரம்’.

“குதிரைக்குக் கால் வலிச்சா துயரமா?”

“அவர் குதிரையைப் பத்தியாங்க பேசுறாரு? சொல்ல வாய் வரல, சுத்திச் சுத்தி வர்றாரு.”

“அப்படிப் பார்த்தா எல்லாமே துயரம்தான். கடையை மூடிட்டுப் போலாம்.”

அவன் சிரிக்கவில்லை. நானும் மாற்றவில்லை. வரியில் இருப்பதைத்தானே குறிக்க முடியும்?

மார்ச் 7

போன் இல்லை.

மார்ச் 9

போன் வந்துவிட்டது. முதலில் அம்மா பேசினாள். “குரல் தெளிவா இருக்கு, நல்லா இருக்கான்” என்று என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். முகமே தெளிந்துவிட்டது.

என்னிடமும் தெளிவாகத்தான் பேசினான். அவன் பைக்குக்கு ஆயில் மாற்றினேனா? பின் சக்கரத்துக்குக் காற்று? செயினைத் துடைத்தேனா? நிறுத்தி நிதானமாக, பார்த்துப் படிக்கிற மாதிரி. அடுத்தது பிரேக். இவனா? பைக்கைத் துடைக்கச் சொன்னால் ஊரைவிட்டே ஓடுகிறவனா?

ஐயோ, குதிரை.

“டேய், யாரு போயிட்டாங்கடா?” என்றேன்.

“அக்கா... பக்கத்துக் கட்டில்காரன்க்கா” என்றான். அப்புறம் அழுதான். சின்ன வயதில் அழுத அதே அழுகை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. நான் என்ன சொன்னேன்? இருக்கேன்டா, இருக்கேன்டா — அவ்வளவுதான். கேட்காமல் போனை வைத்திருந்தால் இவ்வளவையும் தனியாகச் சுமந்திருப்பான். நினைத்தாலே பதறுகிறது.

மார்ச் 10

தூதுவன் பக்கத்தைத் திறந்து எல்லாக் குறிகளையும் மாற்றினேன். மீசை எட்டிப் பார்த்தான்.

“என்னங்க, கடையை மூடியாச்சா?”

“வாயை மூடு” என்றேன். பிறகு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

ஏப்ரல் 2

தம்பி விடுமுறையில் வந்திருக்கிறான். வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் “சரிம்மா”, “நல்லா இருக்கும்மா”. அந்த மரியாதையைக் கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இன்று காலை பைக்கை எடுத்தவன் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டே திரும்பி வந்து, வாசலில் நின்று கத்தினான்.

“பிரேக்கே பிடிக்கல! போன்ல அவ்வளவு சொன்னேனே, காதுல என்ன பஞ்சா வெச்சிருந்த, எருமை!”

எரிச்சல். திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். வெறும் எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை. அடுப்படியில் அம்மா சிரித்தாள்.