பதினோராவது நிமிடத்தில் நீங்கள் கேட்டது

அக்கா,

போன கிழமை என் பழைய போனை வவுனியாவில் ஒரு கடையில் கொடுத்து, அதில் இருப்பதையெல்லாம் புதிய போனுக்கு மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரத் தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், "மிஸ், ஒரு வொய்ஸ் கிடக்கு, நாப்பது நிமிசம் வரும். இதுவும் வேணுமோ?" என்று கேட்டு, நான் வாய் திறக்க முதலே அதை அமத்தி ஓடவிட்டார். அப்பச்சட்டியின் மூடி விழுகிற சத்தம் முதலில் வந்தது. பிறகு ஒரு கோழியை யாரோ விரட்டுகிறார்கள். பிறகு உங்கள் குரல்: "இதுல பேசினா ரேடியோவுல வருமா தங்கச்சி?"

கடை முழுக்கக் கேட்டது. போனைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. உங்கள் குரல் என்னிடம் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் கேட்டேன். பதினோராவது நிமிடத்தில் நிறுத்தினேன். திரும்பவும் கேட்டேன். நீங்கள் சொல்கிறீர்கள்: "பேரப் போட்டுறாதீங்க தங்கச்சி. பேரு மட்டுமில்ல, கடையையும் போட்டுறாதீங்க. இந்தச் சந்தியில அப்பக்கடன்னா நான் ஒருத்திதான். நாலு பேரு வந்து சாப்பிட்டுப் போற எடம்." அதற்கு ஒரு பெட்டை, இருபத்து மூன்று வயது, அவசரக்காரி, சொல்கிறாள்: "ஓமக்கா, ஒண்டும் எழுதமாட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அந்தப் பெட்டை நான்தான். இத்தனை வருடமும் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்தது வேறு. 'அவா பேரைப் போடவேண்டாம் எண்டுதான் கேட்டவா, நான் போடேல்லை' என்று சொல்லிவந்தேன். எனக்கு நானே சொன்னதும் அதைத்தான்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் அது. ஊடகக் கற்கையில் எல்லோரும் அவரவர் ஊர்ப்பக்கம் போய் ஒரு செய்திக்கட்டுரை கொண்டுவர வேண்டும், அந்த வருடப் பரீட்சையில் அதற்குத்தான் கூடுதலான புள்ளிகள். மல்லாவியில் என் வீட்டைச் சுற்றி எனக்கு ஒரு செய்தியும் தென்படவில்லை. உங்கள் பக்கத்து ஆற்றில் களவாக மண் அள்ளுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். இறங்கியதும் பசி. சந்தியில் இருந்தது உங்கள் கடை ஒன்றுதான்.

சந்தியின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. பூவரசங்குளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றுகூட எழுத மாட்டேன். கெட்டித்தனம் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது, பாருங்கள்.

கேட்கக் கேட்க நீங்கள் அப்பம் சுட்டுக்கொண்டே கதைத்தீர்கள். டிப்பர்காரர் காலையில் உங்களிடம்தான் சாப்பிடுகிறார்கள். உங்கள் மனுசன் அவர்களிடம் மண் ஏற்றுகிற கூலி. எல்லாம் தெரிந்துதான் என்னுடன் கதைத்தீர்கள். ஆற்றங்கரை இடிந்து உங்கள் கச்சான் தோட்டத்துக்குள் வந்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. உங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டி எடுத்த காணி. "வயித்துக்குக் குடுக்குறதும் அவங்கதான், காணியத் தின்னுறதும் அவங்கதான். நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது. புறப்படும்போது அப்பத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்று நின்றீர்கள், படிக்கிற பிள்ளையாம்.

எங்கள் விரிவுரையாளர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: "வாசிக்கிறவனுக்கு ஆள் தெரியவேணும்." முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும், ஆள் நிற்கிற இடம் தெரிய வேண்டும் என்பார். அதைப் பிடித்துக்கொண்டேன். என் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த, சந்தியில் அப்பக்கடை நடத்தும், பெயர் குறிப்பிட விரும்பாத பெண் ஒருவர், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.' விரிவுரையாளர் வகுப்பில் அந்த வரியை உரத்து வாசித்தார். "இதுதான் செய்திக்கு உயிர்," என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பெயர் குறிப்பிட விரும்பாத! நாற்பது வீடுள்ள ஊரில், ஒரே ஒரு அப்பக்கடை உள்ள சந்தியில்! கட்டுரை ஒரு இணையத்தளத்தில் வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதன் கீழே உங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் எழுதிவிட்டான்: 'உது எங்கட சந்தி அப்பக்கடை அக்கா எல்லோ!' அதற்கு எழுபது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்து மகிழ்ந்தேன், அக்கா. ஊர்ச் சனமும் வாசிக்கிறது என்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் எழுதிப் பயனில்லை. அதே கட்டுரையில் பெயர் சொல்ல விரும்பாத இன்னொருவரும் இருந்தார். அரச அலுவலகம் ஒன்றில் வேலை, அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். அனுமதி எடுப்பது ஓரிடத்துக்கு, அள்ளுவது வேறோரிடத்தில் என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். அவரை 'விடயமறிந்த வட்டாரம்' என்று எழுதினேன். ஆணா பெண்ணா என்றுகூட வாசிப்பவருக்குத் தெரியாதபடி எழுதினேன். அவர் சொன்ன ஒரு சொல், அவர் மட்டுமே பாவிக்கிற சொல், அதையும் கவனமாக மாற்றினேன். இன்றுவரை அவரை ஒருவருக்கும் தெரியாது. ஆளை மறைக்கத் தெரியாதவள் இல்லை நான். மல்லாவிச் சந்தையில் கடை வைத்திருக்கிற என் மாமி உங்கள் கதையைச் சொல்லியிருந்தால், மாமியின் கடையை எழுதியிருப்பேனா? எழுதிவிட்டு வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போயிருக்க முடியுமா? உங்களை எழுதினால் என்னை வந்து கேட்க ஆளில்லை என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது. அதை நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பெயரை மறைத்தேன் என்று பெருமை வேறு. அந்தப் பதிவை எந்தப் பெயரில் சேமித்து வைத்திருந்தேன் தெரியுமா? 'அப்பக்கடை'. நாற்பது நிமிடத்தில் ஒரு தரமாவது உங்கள் பெயரை நான் கேட்கவில்லை. தெரியாத பெயரை எழுதாமல் விடுவது என்ன பெரிய வேலை?

மண் அள்ளுவது மூன்று கிழமை நின்றது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பிறகு ஆற்றின் மற்றக் கரையில் தொடங்கியது. பத்திரிகை ஒன்று கட்டுரையைத் திரும்பப் போடப் படம் கேட்டதால் உங்கள் சந்திக்கு வந்தேன். கடை பூட்டியிருந்தது. முன் தகரம் ஒரு பக்கம் மடிந்து நிலத்தில் கிடந்தது. எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நீங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே தங்கச்சி எழுதினது?" என்றார். "அவட மனுசனை வேலைக்கு வரவேணாமெண்டுட்டாங்க. டிப்பர் பொடியள் ஒருத்தனும் இப்ப நிப்பாட்டுறேல்ல. டிப்பரைப் பின்னுக்கு எடுக்கேக்க தகரத்துல தெரியாமப் பட்டதாம். தெரியாமலாம்!" பிறகு கையை நீட்டி, "வீடு அந்தா, வேலிக்கு அங்கால. போய்ப் பாருங்க," என்றார்.

இருநூறு மீற்றர் இருக்குமா? உங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. கொடியில் உடுப்புக் காய்ந்தது. "பஸ் வந்திடும் நானா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். படம் எடுக்கவில்லை. அதையும் அப்போது ஒரு நல்ல குணமாகத்தான் நினைத்தேன்.

அந்தக் கட்டுரைக்குத்தான் அந்த வருடம் கூடிய புள்ளி. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் இந்தப் பத்திரிகை வேலை கிடைத்தது. நீங்கள் கடையை விட்டுவிட்டுச் செட்டிகுளத்தில் மகளோடு போய் இருந்துவிட்டீர்கள்.

இரண்டு வருடம் கழித்து வவுனியா பஸ் நிலையத்தில் என்னை முதலில் கண்டது நீங்கள். "தங்கச்சி! பேப்பர்ல ஒங்க பேரு பாக்குறேன். மகள்தான் வாசிச்சுக் காட்டும்," என்றீர்கள். மெலிந்திருந்தீர்கள். சாப்பிட்டேனா என்று கேட்டீர்கள். மன்னிப்புக் கேட்கிற சொல் ஒன்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பஸ் வெளிக்கிடப் போகுதக்கா," என்றேன். என் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பஸ்ஸில் ஏறி மற்றப் பக்க யன்னலோரம் போய் இருந்து, நீங்கள் போகும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். செய்தி எடுக்க எந்த மந்திரியின் முகத்துக்கு நேரேயும் மைக்கை நீட்டுகிறவள் நான்.

போன வருடம் நானாதான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம். அன்று என் மேசையில் மரண அறிவித்தல் பக்கம் இருந்தது. உங்களுக்கு அறிவித்தல் போட ஒருவரும் வரவில்லை. நான் போட்டிருக்கலாம். செத்தவீட்டுக்கும் வரவில்லை.

இப்போது ஒருவர் என்னிடம் கதைத்தால், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள், "மிஸ் செய்திக்குக் கையெழுத்து வாங்கப் போறா" என்று. ஏன் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பதிவைக் கேட்ட அடுத்த ஞாயிறு செட்டிகுளம் போனேன். நானாவிடம் விலாசம் வாங்கினேன். உங்கள் மகளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. கதிரை எடுத்துப் போட்டாள். அம்மாவின் குரல் இருக்கிறது என்று சொன்னதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிலத்தில் இருந்தாள். கோழியை நீங்கள் ஏசுகிற இடத்தில் சிரித்தாள், உடனே அழுதாள். பதினோராவது நிமிடம் வந்தபோது நான் அதைத் தாண்டிப் போகவில்லை. கேட்கட்டும், என்னை ஏசட்டும் என்றுதான் போனேன்.

அவள் ஏசவில்லை. "இது தெரியுமே," என்றாள். "அப்பாவுக்கு வேல போன அன்னிக்கு வீட்டுல பெரிய சண்ட. அப்பா ஒங்கள ஏசுனாரு. அம்மா விடல. 'நான் சொன்னேன், அந்தப் புள்ள மறந்திருக்கும், படிக்கிற புள்ளைக்கு எத்தன ஞாபகம்'னுட்டாங்க. சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னாங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம், அக்கா. நான் தப்பிப் போக அழகான கதவாகத் திறந்து வைத்திருந்தீர்கள். ஆனால் உங்கள் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறக்கேல்லை தங்கச்சி," என்றேன். "எழுதேக்க ஞாபகம் இருந்தது. கடை வாற அந்த வரியை ஒருக்கா அழிச்சனான். அது இல்லாமக் கட்டுரை வெறுமையாக் கிடந்தது. திரும்பப் போட்டனான்."

அவள் போனை என் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு எழும்பினாள். "அப்ப அம்மா ஒங்களத் தப்பா நெனச்சிட்டாங்க," என்றாள். அந்தப் பதிவைத் தன் போனுக்கு அனுப்பிவிட்டுப் போகச் சொன்னாள். அனுப்பினேன். படலைவரை வந்து விடவில்லை, அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்ததைத்தான் அவள் தப்பு என்றாள். வேலை போனபோதும் நினைத்திருக்கிறீர்கள், தகரம் விழுந்தபோதும் நினைத்திருக்கிறீர்கள், பஸ் நிலையத்தில் சாப்பிட்டேனா என்று கேட்டபோதும் அதை நினைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பத்திரிகையில் பிழை போனால் அடுத்த நாள் ஒரு சின்னப் பெட்டிக்குள் திருத்தம் போடுவோம். பிழையை வாசித்தவர் அதையும் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் போடுவது. என்னைப் பற்றிய பிழையை உங்கள் மகள் ஒரே வரியில் திருத்திவிட்டாள். வாசிக்க வேண்டிய நீங்கள்தான் இல்லை, அக்கா.